பதினோரு வருஷத்து லேப்டாப்

தீபலட்சுமியின் லேப்டாப்பில் திரை வேலை செய்வதை நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. உறவுக்காரர் வீட்டுக் குழந்தை ஒன்று மூடியின் மேல் ஏறி உட்கார்ந்ததில் கறுத்துப்போனது. அவள் அதை மாற்றவில்லை. பிறவியிலேயே பார்வை இல்லாத அவளுக்கு அந்தத் திரையால் முன்பும் உபயோகம் இருந்ததில்லை. சாவிகளும், எழுத்தை வாசித்துச் சொல்லும் குரலும் இருந்தால் போதும். இலவசமாகக் கிடைக்கிற குரல்தான் அது. தகரத்தை உரசுவது போல இருக்கும். அதை அவள் வைத்திருந்த வேகத்தில் பழகாத காதுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

ஊரப்பாக்கத்தில் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஒரு முதல் மாடி வாடகை வீட்டில் கணவன் ஏகநாதனுடன் இருந்தாள். வயது முப்பத்தேழு. ஏகநாதனுக்குப் பார்வை உண்டு. வண்டலூரில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். தீபலட்சுமி வீட்டிலிருந்தே ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்து கொடுப்பாள். ஆராய்ச்சிக்காரர்கள் ஊர் ஊராகப் போய் எடுக்கும் பேட்டிகள், கேளம்பாக்கத்தில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்தின் வழியாக அவளிடம் வரும். அந்தச் சமயம் அவள் கையில் இருந்தவை, நாகல்கேணிப் பக்கம் தோல் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களின் பேட்டிகள். மொத்தம் நாற்பது. பதினெட்டு முடிந்திருந்தது.

செப்டம்பர் மத்தியில் நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை இரண்டு முறை வாசிக்கவைத்துக் கேட்டுவிட்டு, அங்கே வேலையைப் பிரித்துக் கொடுக்கும் சந்திரிகாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"படிச்சீங்களா மேடம்? விண்டோஸ் பத்துக்கு அக்டோபரோட சப்போர்ட் முடியுது. அதுக்கப்புறம் செக்யூரிட்டி அப்டேட் வராது. கிளையன்ட் ரொம்ப ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாங்க. நவம்பர் ஒண்ணாம் தேதியிலேர்ந்து பழைய சிஸ்டம்னா நம்ம சைட் உள்ளயே விடாது" என்றாள் சந்திரிகா.

"என் லேப்டாப்ல புதுசு ஏறாதுன்னு அதுவே சொல்லுது. இன்னும் ஒரு வருஷத்துக்கு அப்டேட் வாங்கிக்கலாம்னு ஒரு வழி இருக்காமே?"

"அதையும் ஒத்துக்க மாட்டாங்களாம். நான் கேட்டுட்டேன். வேற லேப்டாப் பார்த்துருங்களேன் மேடம். உங்க கிட்ட இருபத்திரண்டு ஃபைல் பாக்கி நிக்குது."

லேப்டாப்புக்குப் பதினோரு வயது. எம்.ஏ. முடித்த வருடம் அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. விசைப்பலகையில் எழுத்துகள் அழிந்துபோய்விட்டன என்று ஏகநாதன் சொல்லியிருக்கிறான். மின்விசிறி சத்தம் போடும். மற்றபடி ஒரு குறையும் இல்லை. கெட்டுப்போகாத ஒரு பொருள் ஒரு குறிப்பிட்ட தேதியில் ஆகாததாகிவிடும் என்பது அவளுக்கு விளங்க நேரமாயிற்று.

அன்று மாலை ஏகநாதனிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றியபடியே யோசித்தான்.

"சேலையூர்ல ஒரு டிரஸ்ட் இருக்கு. தீபாவளிக்கு முன்னாடி பார்வையில்லாதவங்களுக்குப் புது லேப்டாப் குடுக்குறாங்களாம். எங்க மேனேஜருக்கு அதுல ஆள் தெரியும். உன் பேரைக் குடுக்கட்டுமா?"

"மேடையில ஏத்திக் குடுப்பாங்களா?"

"ஃபங்ஷன் வெச்சுதான் குடுப்பாங்க. அதனால என்ன?"

"வேணாங்க. முதல்ல பாபு அண்ணா கடையில காட்டிப் பாக்குறேன்."

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருந்தது சிட்டிபாபுவின் கடை. அவர் அந்த ஊர்க்காரர். அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் கட்டிய வரிசைக் கடைகள் அவருடையவை. நான்கை வாடகைக்கு விட்டுவிட்டு ஐந்தாவதில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். வாடகையே போதும், ஆனாலும் கடையில் உட்காராமல் அவரால் இருக்க முடியாது. தீபலட்சுமி ஐந்தாறு வருடங்களாக அங்கேதான் போகிறாள். ஊரப்பாக்கத்தில் பஸ் ஏறி, இரும்புலியூரில் இறங்கி, பழக்கடையின் வாசம் வந்ததும் வலப்பக்கம் திரும்பினால் மூன்றாவது கடையின் படி.

"இன்னாம்மா, இது இன்னும் உயிரோட கீதா?" என்று கேட்டபடி சிட்டிபாபு லேப்டாப்பை வாங்கி, மேசை மீதிருந்த மானிட்டரோடு இணைத்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"ப்ராசசர் பழசும்மா. அதான் வேணான்னுது. ஆனா வழி கீது. அந்தச் செக்கிங்கைத் தாண்டிப் புதுசை ஏத்திடலாம். நானே பத்து பேருக்குப் பண்ணிக் குடுத்துக்கிறேன். ஒருத்தரும் ஒரு கம்ப்ளெயின்ட் சொல்லல."

"என் ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்குமா அண்ணா?"

"எடுத்து வெச்சிட்டுத்தாம்மா கை வெப்பேன். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், அல்லாத்தையும். நாளன்னிக்கு வா."

இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கி வந்தாள். வீட்டுக்கு வந்து மேசையில் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குரல் வந்தது. ஆனால் தாமதமாக வந்தது. ஒரு சாவியைத் தட்டிவிட்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினால்தான் அந்த எழுத்தின் பெயரைச் சொல்லிற்று. நான்கு சாவிகளை வேகமாகத் தட்டினால் முதல் மூன்றை விழுங்கிவிட்டு நான்காவதை மட்டும் சொன்னது. சில நேரம் நடு வாக்கியத்தில் நின்று, எங்கோ போய்விட்டுத் திரும்புவது போல மீதியைச் சொன்னது. மேசை, நாற்காலி, அறை எல்லாம் அதே இடத்தில் இருக்க, தெரு மட்டும் மாறிவிட்ட மாதிரி அவளுக்கு இருந்தது.

பொறுத்துக்கொண்டு பத்தொன்பதாவது பேட்டியைத் திறந்தாள். தோல் தொழிற்சாலை என்ற சொல் முதல் நிமிடத்திலேயே வந்தது. வழக்கம்போல 'தோதொ' என்று அடித்து இடைவெளி தட்டினாள். 'தோதொ' என்றே நின்றது.

அது அவளுடைய சுருக்கெழுத்துப் பட்டியல். பேட்டிகளில் அடிக்கடி வரும் சொற்களையும் தொடர்களையும் இரண்டு மூன்று எழுத்துகளில் அடித்தால் கணினியே முழுதாக விரித்து எழுதிவிடும்படி பழைய தட்டச்சு மென்பொருளுக்குள் சேர்த்துவைத்திருந்தாள். முதல் வேலையில் தொடங்கி, நாளுக்கு ஒன்றிரண்டாகச் சேர்த்தது. இரண்டாயிரத்து அறுநூறு உருப்படிகளுக்கு மேல் இருக்கும். பார்வையுள்ள தட்டச்சுக்காரர்களைவிட அவள் வேகமாக முடித்துக் கொடுத்ததற்கு அதுதான் காரணம். இன்னொரு சுருக்கை அடித்துப் பார்த்தாள். இன்னொன்று. பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்க் காயவைத்த துணிகளை மடித்தாள்.

மறுநாள் காலை கடை திறந்தபோது அவள் படியில் நின்றிருந்தாள்.

"ரொம்ப ஸ்லோவா இருக்கு அண்ணா. வேலை செய்ய முடியல."

சிட்டிபாபு மானிட்டரை இணைத்துப் பார்த்தார். சுட்டியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஓடுதேம்மா. இதோ, ஃபோல்டர் தொறக்குது. பாட்டு பாடுது. பழைய வண்டிதானே, கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். இன்னா ஸ்லோ இதுல?"

தீபலட்சுமி லேப்டாப்பின் ஓரத்தைத் தடவி, மானிட்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கினாள். சுட்டியையும் நகர்த்தி வைத்தாள்.

"இப்போ என் ஃபோல்டரைத் தொறங்க அண்ணா."

சிட்டிபாபு சிரித்தார். பிறகு சாவிகளைத் தட்ட ஆரம்பித்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி தட்டினார். குரல் எதையோ சொல்லத் தொடங்குவதற்குள் அடுத்ததைத் தட்டியிருந்தார்; அது பாதியில் அறுந்தது. அவளிடம் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். அவள் குறைத்தாள். இப்போது குரல் புரிந்தது, ஆனால் அது சொன்ன இடத்தை விட்டு அவர் எப்போதோ நகர்ந்திருந்தார். எண்டர் தட்டியதும் வேறெதுவோ திறந்தது. அதை மூடப் போய் இன்னொன்றைத் திறந்தார். ஐந்து நிமிடம் போயிருக்கும். சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

"ஒண்ணும் பிரியலம்மா" என்றார் கடைசியில்.

"எனக்கும் அப்படித்தான் அண்ணா இருக்கு."

பிறகு பட்டியலைப் பற்றிச் சொன்னாள். அவர் எடுத்து வைத்திருந்த கோப்புகளில் தேடினார். கிடைக்கவில்லை. அது டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருப்பதில்லை. மென்பொருள் தன் சொந்தக் கோப்புகளை ஒளித்துவைக்கும் இடத்தில் இருந்தது. டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டுத்தான் அவர் புதியதை ஏற்றியிருந்தார்.

"உள்ள எங்கயோ ஒளிஞ்சிகினு இருந்தா எனக்கு எப்டிம்மா தெரியும்? நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம். அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. பதினோரு வருடமாக அது கையோடு வந்துகொண்டிருந்ததால், அதற்கு ஓர் இடம் இருக்கும் என்றே நினைத்ததில்லை. சிட்டிபாபு அதற்கு மேல் வாதாடவில்லை.

"அழிஞ்சதை மீட்டு எடுக்குற சாஃப்ட்வேர் ஒண்ணு கீது. லேப்டாப்பை வுட்டுட்டுப் போ. ட்ரை பண்றேன். நீ மெனக்கெட்டு வராதே, நானே போன் பண்றேன்" என்றார்.

மூன்றாம் நாள் கூப்பிட்டார். ஆயிரக்கணக்கில் துண்டு துண்டாகக் கோப்புகள் வந்திருப்பதாகவும், எதற்கும் பெயர் இல்லை என்றும், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் பழைய படங்களும் உடைந்த எழுத்துகளும்தான் இருந்தன என்றும் சொன்னார். பட்டியல் இல்லை. "என் தப்புதாம்மா" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

இதற்கிடையில் ஏகநாதன் அவளைக் கேட்காமலே டிரஸ்ட்டில் பெயரைக் கொடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சேலையூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னான்.

"நான்தான் வேணாம்னு சொன்னேனே."

"அப்போ கடையில சரியாயிடும்னு இருந்துச்சு. இப்போ என்ன இருக்கு? வேலை நின்னுருச்சு. லிஸ்ட் போச்சு. ரெண்டு நிமிஷம் மேடையில நிக்கிறதுக்கு உனக்கு என்ன?"

அவளுக்கு என்ன என்பதை அவள் அவனிடம் முன்பு சொன்னதில்லை. அன்று சொன்னாள். பதினான்கு வயதில், விடுதிப் பள்ளியில் படித்தபோது, ஒரு விழாவில் அவளுக்குத் தொட்டுப் பார்க்கும் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். கொடுத்தவர் அவள் முகவாயைப் பிடித்து, "கேமரா இந்தப் பக்கம்மா" என்று திருப்பினார். படம் சரியாக வரவில்லை என்று மறுபடி கடிகாரத்தை வாங்கி, மறுபடி கொடுத்து, மறுபடி திருப்பினார். பிறகு ஒலிபெருக்கியை அவள் வாயருகே கொண்டுவந்து ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். அவளுக்குப் பாட வராது. இருந்தும் பாடினாள். கூட்டம் கை தட்டிற்று.

ஏகநாதன் சாப்பிட்ட தட்டுகளை எடுத்து அடுக்கினான்.

"இப்போ அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க, தீபா."

"பண்ணாமலும் இருக்கலாம். எனக்கு லேப்டாப் இருக்கு. அது ஓடணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"ஓடலையே! வீம்புக்கு உக்காந்திருந்தா வேலை தானா வருமா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. புது லேப்டாப் கிடைத்திருந்தால் திங்கட்கிழமையே வேலையைத் தொடங்கியிருக்கலாம். அவளுக்கு அது தெரியும். ஞாயிறு காலை அவன் மட்டும் மண்டபத்துக்குப் போய், வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சொல்லிவிட்டு வந்தான். அதன் பிறகு இரண்டு நாள், தேவையானதைத் தவிர இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹெப்சி கூப்பிட்டாள். விடுதியில் தீபலட்சுமிக்கு அடுத்த கட்டில் அவளுடையது. அவளுக்கும் பார்வை இல்லை. இப்போது திண்டிவனத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். தீபாவளிக்கு என்ன எடுத்தாய் என்று கேட்கக் கூப்பிட்டவளிடம் தீபலட்சுமி முழுக் கதையையும் சொன்னாள்.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக்கோயேன். நான் மூணு வருஷமா அதுதான் வெச்சிருக்கேன். என்னோடது உன்னோடதைவிடக் கிழம்" என்றாள் ஹெப்சி.

"அது கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்குன்னு சொல்லுவாங்களே."

"யாரு சொன்னா? லினக்ஸ்லயே டெபியன்னு ஒண்ணு இருக்கு, அதைப் போடு. போடும்போதே பேசும்டி. பென்டிரைவைச் சொருகி ஆன் பண்ணினா ஒரு பீப் கேக்கும். கேட்டதும் எஸ் எழுத்தை அடிச்சு எண்டர் தட்டு. அதுக்கப்புறம் எல்லாத்தையும் அதுவே வாசிச்சுக் கேக்கும். பக்கத்துல கண்ணு தெரிஞ்ச ஆளே தேவையில்லை."

"நிஜமாவா?"

"நான் என்ன, ஆள் வெச்சா போட்டேன்? ஆனா ஒண்ணு. எந்த டிஸ்க்குல போடணும்னு கேக்கும்போது மட்டும் நிதானமா கேளு. அவசரப்பட்டு வேற எதையாவது அழிச்சிராதே."

சிட்டிபாபுவிடம் சொன்னபோது அவர் தயங்கினார். லினக்ஸ் தனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை, ஏதாவது சிக்கினால் தன்னால் எடுத்துவிட முடியாது என்றார். ஏற்றுவது தான்தான், பென்டிரைவ் மட்டும் தயார் செய்து கொடுத்தால் போதும் என்றாள் தீபலட்சுமி. அவர் அதோடு இன்னொன்றும் செய்தார். பழைய சுழலும் டிஸ்க்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினார். செத்துப்போன இன்னொரு லேப்டாப்பிலிருந்து ஒரு மெமரியை எடுத்துக் கூடுதலாகச் சொருகினார்.

"ஸ்லோவானதுக்கு அந்தப் பழைய டிஸ்க்குதாம்மா காரணம். இதை மொதல்லயே பண்ணியிருக்கணும். உன்னாண்ட மானிட்டர் இல்லாம ஒக்காந்தப்போதான் எனக்கு ஒறைச்சது" என்றார்.

அடுத்த வாரம் புதன்கிழமை, காலை பதினொரு மணி. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. தீபலட்சுமி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். சிட்டிபாபு மானிட்டரைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் பொத்தானை அழுத்தினாள். மின்விசிறி சுழன்றது. பீப் என்று ஒரு சத்தம். எஸ் அடித்து எண்டர் தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அரை நிமிடம் ஆனது.

"இன்னாம்மா?" என்றார் சிட்டிபாபு. "இங்க ஏதோ வரிவரியா ஓடினு கீது."

அப்போது குரல் வந்தது. தீபலட்சுமியின் கைகள் சாவிகளின் மேல் அப்படியே நின்றன. அது அவளுடைய குரல். அதே தகரக் குரல். புதிய இடத்தில் புதிய குரல் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அவள் ஒரு வாரமாக மனதைத் தயார் செய்துவைத்திருந்தாள். இது வேகம் குறைந்து, நிறுத்தி நிறுத்திப் பேசிற்று, அவ்வளவுதான். என்ன மொழி வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு நீளமான பட்டியலை வாசித்தது. அவள் எண்ணைத் தட்டினாள். எந்த நாடு என்றது. எந்த வைஃபை என்றது. சிட்டிபாபு கடையின் கடவுச்சொல்லைச் சொன்னார். கணினிக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னது.

"பேரா? இன்னா பேரு வெக்கப்போற?"

அவள் யோசிக்காமல் ஊரப்பாக்கம் என்று ஆங்கில எழுத்துகளில் அடித்தாள்.

டிஸ்க் பற்றிய கேள்வி வந்தது. இரண்டு பெயர்களை வாசித்தது. இரண்டும் எழுத்தும் எண்ணுமாகக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. அவள் திரும்ப வாசிக்கவைத்தாள். ஒன்று இருநூற்று நாற்பது ஜி.பி., மற்றது முப்பத்திரண்டு. பெரியது புதிய டிஸ்க், சின்னது பென்டிரைவ். சிட்டிபாபு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையை உயர்த்தினாள். பெரியதன் எண்ணைத் தட்டினாள். மாற்றங்களை டிஸ்க்கில் எழுதட்டுமா, இல்லையா என்று கடைசியாக ஒரு முறை கேட்டது. எழுதச் சொன்னாள்.

முக்கால் மணி நேரம் எத்தனை சதவீதம் முடிந்தது என்று குரல் சொல்லிக்கொண்டிருந்தது. சிட்டிபாபு டீ வரவழைத்தார். லேப்டாப் ஒருமுறை அணைந்து மீண்டும் எழுந்தபோது, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது அதே குரல். அவள் சாவிகளை வேகமாகத் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தும் விரல் படும்போதே காதில் விழுந்தது.

"பதினெட்டு வருஷமா கடை வெச்சிகினு கீறேன்" என்றார் சிட்டிபாபு. "கஸ்டமரே வந்து ஒக்காந்து ஏத்திகினு போறதை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அதற்குப் பின் வந்த நாட்கள் எளிதாக இல்லை. குரல் அதேதான் என்றாலும், வாசிக்கச் சொல்லும் சாவிகள் பல இடங்களில் வேறாக இருந்தன. பதினோரு வருடப் பழக்கத்தில் விரல்கள் தானாகப் போகும் இடத்துக்கே போயின. அங்கே வேறொன்று இருந்தது. தமிழ் எழுத்தை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயன்று உளறிற்று. பின்னழிக்கும் சாவியைத் தட்டினால் முழு எழுத்தும் போகாமல் கொம்பு மட்டும் போயிற்று. ஹெப்சிக்குக் குரல் செய்தி அனுப்புவாள். ஹெப்சி நூலக வேலைக்கு நடுவே பதில் அனுப்புவாள். இரண்டு குரல்களையும் ஒரே சாவியில் மாற்றிக்கொள்ளும் வழியைக் கண்டுபிடிக்க நான்கு நாட்களாயின. ஒருநாள் மாலை நான்கு மணிக்கு, ஒரு பத்தியை அடித்துச் சேமிக்கத் தெரியாமல் இழந்த பிறகு, மூடியைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். டிரஸ்ட் விழாவை நினைத்தாள். போயிருக்கலாமோ என்று அந்த ஒரு மாலை அவளுக்குத் தோன்றியது. ஏகநாதனிடம் அதைச் சொல்லவில்லை. அவன் வந்து விளக்கைப் போட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டான். பிறகு அவனே சாதம் வைத்தான்.

தீபாவளி விடுமுறையில் சுருக்கெழுத்துப் பட்டியலை மறுபடி தொடங்கினாள். நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தபோது நூறைத் தாண்டவில்லை. ஆகவே முன்பு முடித்துக் கொடுத்த பேட்டிகளை, சிட்டிபாபு எடுத்து வைத்திருந்த கோப்புகளிலிருந்து திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். கொரோனா காலத்துப் பேட்டிகளில் ஒரு காலத்தில் நூறு தடவை அடித்த சொற்கள் இருந்தன. அவற்றுக்கு இனி வேலையில்லை என்று விட்டுவிட்டாள். வேண்டியவற்றை மட்டும் எடுத்தாள். மாதக் கடைசியில் நானூற்றுப் பத்து உருப்படிகள் சேர்ந்திருந்தன. இந்த முறை அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு அறிந்து, ஒரு நகலைப் பென்டிரைவிலும் இன்னொன்றை ஏகநாதனின் தொலைபேசியிலும் வைத்தாள்.

நவம்பர் முதல் தேதி நிறுவனத்தின் தளத்தைத் திறந்தாள். திறந்தது. உள்ளே போவதற்கு முன் ஒரு படிவம். உங்கள் கணினியில் இருப்பது எது என்ற கேள்விக்குக் கொடுத்திருந்த விடைகளில் லினக்ஸ் இல்லை. சந்திரிகாவைக் கூப்பிட்டாள்.

"லினக்ஸா? அது லிஸ்ட்லயே இல்லையே மேடம். சும்மா விண்டோஸ் பதினொண்ணுன்னு டிக் பண்ணிருங்க. யாரு வந்து பாக்கப்போறாங்க?"

"நாளைக்கு யாராவது பாத்தா பொய் சொன்னது நானாத்தானே இருப்பேன்? உங்க ரூல்ல சப்போர்ட் இருக்குற சிஸ்டம் வேணும்னுதான் போட்டிருக்கு. இதுக்கு இன்னும் சில வருஷம் சப்போர்ட் இருக்கு."

"எனக்குப் புரியுது மேடம். ஆனா நான் முடிவு பண்ற விஷயம் இல்ல. எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன். அதுவரைக்கும் ஃபைல் குடுக்க முடியாது."

அவள் நான்கு வரி எழுதி அனுப்பினாள். தன்னிடம் இருப்பது எது, அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரை வரும், அதில் அவர்களுடைய ஒலிப்பதிவுகள் ஓடுகின்றன, அனுமதி வேண்டும். ஒன்பது நாள் பதில் வரவில்லை. அதற்குள் தோல் தொழிற்சாலைப் பெண்களின் மீதிப் பேட்டிகளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டில் ஒன்றுகூட அவளுக்கு மிஞ்சவில்லை. ஏற்கெனவே முடித்திருந்த பதினெட்டாவது பேட்டியில் ஒரு பெண், பாதியில் இருமல் வந்து, மிச்சத்தை அடுத்த முறை சொல்கிறேன் என்று நிறுத்தியிருந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று இனித் தெரிந்துகொள்ள முடியாது என்பது தீபலட்சுமிக்குக் கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் ஒரு வரியில் பதில் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. படிவத்தில் புதிதாக ஒரு விடையைச் சேர்த்திருந்தார்கள்.

ஏகநாதன் அந்த விஷயத்தில் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. புது லேப்டாப்பை வாங்கியிருந்தால் ஒன்றரை மாதம் வீணாகியிருக்காது என்றே நினைத்தான். நண்பர்களிடம் சொல்லும்போதும் அப்படியே சொன்னான். ஆனால் தன் மனைவி கம்ப்யூட்டரில் தானே லினக்ஸ் ஏற்றியதையும் அதே மூச்சில் சேர்த்துச் சொன்னான்.

நவம்பர் மூன்றாம் வாரம் சந்திரிகா புதிய வேலை அனுப்பினாள். கோவளம் மீனவர்களின் பேட்டிகள், பன்னிரண்டு. முதல் பேட்டி முழுக்கக் காற்றிரைச்சல். பேசியவர் வலை, படகு, மீன் என்று அவள் கேட்டிராத பெயர்களாக அடுக்கினார். ஒவ்வொன்றையும் நான்கைந்து முறை திருப்பிக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. முன்பு ஒரு நாளில் முடிகிற அளவு. இப்போது இரண்டரை நாளானது. மூன்றாம் நாள் மத்தியானம் அனுப்பினாள். மாலைக்குள் சந்திரிகா திருப்பி அனுப்பியிருந்தாள்: மூன்று இடத்தில் சொற்கள் சேர்ந்துவிட்டன, ஓர் இடத்தில் பேசியவர் பெயர் மாறியிருக்கிறது, மற்றபடி சரி. தீபலட்சுமி நான்கையும் திருத்தினாள். பிறகு இரண்டாவது பேட்டியைத் திறந்து, மீன்களின் பெயர்களுக்குச் சுருக்கு வைக்கத் தொடங்கினாள்.